விடுபட்ட அதிகாரம்

அன்று கணவன் சபை நடுவே எழுந்து நின்றபோது, மிஞ்சிப்போனால் கோபத்தைப் பற்றி ஏதாவது சொல்வான் என்றுதான் அவள் நினைத்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவன் தொழில். எல்லாரும் அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவர்களோடு காலை ஆறு மணியிலிருந்து மாரடிக்கிறவன் வாயில் நாலு வார்த்தை தப்பாக வராமல் இருக்குமா? அதைச் சொல்லிக் கொஞ்சம் அழுதுவிட்டு உட்காருவான், பிறகு அப்பம் பிட்பார்கள், வீட்டுக்குப் போனதும் துணி ஊறவைக்க வேண்டும் என்று அவள் மனம் அடுத்தடுத்த வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

டயர் கடைக்கு மேலே உள்ள ஒரு நீளமான கூடத்தில்தான் சபை கூடியது. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை வரும். நாற்பது பேர் இருப்பார்கள். பிரசங்க மேடை கிடையாது, நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். தலைவரைப் பாஸ்டர் என்று அழைக்கக் கூடாது. இயேசுவின் சீடர்கள் நடத்திய முதல் சபையில் பாஸ்டர் என்ற பட்டமா இருந்தது, மூப்பர் என்று சொன்னால் போதும் என்பார். முன்பு ஒரு குளிர்சாதனக் கம்பெனியில் மேலாளராக இருந்தவர். பெரிய ஆலயங்களின் ஆடம்பரம் பிடிக்காமல் வெளியே வந்து, பத்து வருடம் பழைய நூல்களாகப் படித்துத் தள்ளி, அப்போஸ்தலர்கள் காலத்தில் எப்படி நடந்ததோ அப்படியே நடத்துவேன் என்று இந்தச் சபையைத் தொடங்கினார். ஒரே அப்பம், ஒரே பாத்திரம். புதன், வெள்ளி உபவாசம். புதிதாக வருகிறவர்கள் மூன்று வருடம் பாடம் கேட்க வேண்டும். அதுவரை அப்பம் பிட்கும் நேரத்தில் அவர்கள் எழுந்து கீழே போய்விட வேண்டும். கடைசியாக, இரண்டு மாதமாக, பகிரங்க அறிக்கை. முதல் விசுவாசிகள் தங்கள் பாவத்தை ஒளித்து வைக்கவில்லை, ஒருவருக்கொருவர் எல்லார் முன்பும் அறிக்கையிட்டார்கள், நாமும் அப்படியே செய்வோம் என்று ஆரம்பித்துவைத்தார்.

முதல் வாரங்களில் சில்லறைப் பாவங்கள்தான் வந்தன. ஒருவர் காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட்டதைச் சொன்னார். டயர் கடைக்காரர் எழுந்து, சபையார் பாடுவதைக் கேட்டால் தனக்கு எரிச்சலாக வருகிறது என்று அறிக்கையிட்டார். அதற்கு எப்படி மன்னிப்புக் கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

மாஸ்டர் தொண்டையைச் செருமினான். "எட்டு மாசம், வண்டி கத்துக்க வந்த ஒரு சகோதரியோட தப்பா நடந்துக்கிட்டேன். இப்ப அது முடிஞ்சுபோச்சு. ஆண்டவருக்கும் இந்தச் சபைக்கும் விரோதமா பாவம் செஞ்சேன். எனக்காக ஜெபிங்க."

அவள் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துகிறவள். தட்டச்சும் செய்வாள், பக்கமும் அமைப்பாள், ஆனால் அவள் பெயர் போனது பிழைதிருத்தத்தில்தான். ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இல்லையென்றாலும் விடமாட்டாள் என்பதால் அங்கே எல்லாரும் அவளைப் புள்ளியக்கா என்பார்கள். பதினெட்டு வருடப் பழக்கம் அந்த நொடியிலும் அவளை விடவில்லை. வாக்கியத்தில் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. ஆண்டவருக்கும், சபைக்கும். அப்புறம்? அந்தச் சொல்லுக்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு முழங்காலில் விழுந்துவிட்டான். அதற்குப் பிறகுதான் கேட்டது இன்னதென்று அவளுக்கு உறைத்தது.

எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூக்குக்கண்ணாடிக் கடைப் பெண் எழுந்தாள். அவள் போன வருடம் மாஸ்டரிடம் வண்டி கற்று, லைசென்ஸ் கிடைத்ததற்கு ஆண்டவருக்கு நன்றி கூறி இதே கூடத்தில் சாட்சி சொன்னவள். பெயரைச் சொல்லவே தேவையிருக்கவில்லை. நாற்பது ஜோடிக் கண்களும் அவளைக் கதவுவரை கொண்டுபோய் விட்டன. பிறகு எல்லாரும் மாஸ்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். தலையில் கை வைத்தார்கள், அழுதார்கள், பாட்டு எடுத்தார்கள். மூப்பரின் குரல் தழுதழுத்தது. "பாருங்க, இதுதான் முதல் சபை" என்றார். பிறகு மாஸ்டரின் மனைவி பக்கம் திரும்பி, சகோதரியும் வந்து கை வைக்கட்டும் என்று அழைத்தார்.

அவள் பக்கத்தில் பதின்மூன்று வயது மகள் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் கை பச்சைத் தண்ணீராய்ச் சில்லிட்டிருந்தது. அவள் அந்தக் கையைப் பிடித்து எழுப்பி, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

மாஸ்டர் ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்தான். காய்ச்சல் விட்டவன் முகம்போல அவன் முகம் தெளிந்திருந்தது. அவளுக்கு அது அடுத்த அடி. நாற்காலியில் உட்கார்ந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருக்கிறது, பாரம் இறங்கிவிட்டது என்றான்.

"எங்க இறங்குச்சுன்னு தெரியுமா? என் தலைல" என்றாள் அவள். "நாப்பது பேருக்குத் தெரிஞ்ச அதே நேரத்துலதான் எனக்கும் தெரியணுமா? உங்க பொண்ணுக்கும்?"

தனியாகச் சொல்லியிருந்தால் தைரியம் வந்திருக்காது, மூப்பர்தான் சபைமுன் சொன்னால் பெலன் கிடைக்கும் என்றார் என்று அவன் சொன்னான். ஆக, மூப்பருக்கு முன்பே தெரியும். இரண்டு வாரமாகத் தெரியும். அந்த இரண்டு வாரமும் அவர் அவளைப் பார்த்துச் சிரித்துத் தோத்திரம் சொல்லியிருக்கிறார். அவள் எழுந்தாள். சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கழுவி வைத்த பாத்திரங்களையெல்லாம் மறுபடி எடுத்துப் போட்டுக் கழுவினாள்.

அந்த வாரம் முழுக்க வீட்டு மணி அடித்துக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் யாரும் அவளை எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. மாஸ்டர் எவ்வளவு தைரியசாலி, எவ்வளவு தாழ்மை என்றே பேசினார்கள். மூன்றாம் நாள் மாஸ்டரின் அக்காவும் மூப்பரின் மனைவியும் சேர்ந்து வந்தார்கள். மாஸ்டரின் அக்கா நல்ல மனுஷிதான். இவள் பிரசவத்துக்கு நாற்பது நாள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள். ஆனால் தம்பி என்று வந்துவிட்டால் கண் மறைத்துவிடும்.

"அவன் அத்தனை பேர் முன்னால தலைகுனிஞ்சு நின்னுட்டான். இதுக்கு மேல ஒரு ஆம்பள என்னதான் செய்வான், சொல்லு" என்றாள் அக்கா.

"அண்ணி, அத்தனை பேருக்கு அவர் ஒண்ணும் செய்யலையே. செஞ்சது எனக்கு."

மூப்பரின் மனைவி பொறுமையாக இன்னொன்றைச் சொன்னாள். முதல் சபையில் மனத்தாங்கலோடு யாரும் அப்பத்தைத் தொடமாட்டார்கள். சமாதானமாகி ஒப்புரவான பிறகுதான் பந்திக்கு வருவார்கள். அதனால் அவள் மன்னிக்கும்வரை அப்பம் வாங்காமல் இருப்பது நல்லது என்று மூப்பர் கருதுகிறார். தண்டனை என்று நினைக்க வேண்டாம், அவளுடைய ஆத்துமாவின் நன்மைக்காகத்தான்.

அவள் மூப்பரின் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர் வாங்கலாமா?"

அவர் அறிக்கையிட்டுவிட்டாரே, சபை மன்னித்துவிட்டதே என்றாள் அந்த அம்மாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

அவர்கள் போன பிறகு அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. தப்புச் செய்தவன் பந்தியில், செய்யப்பட்டவள் வெளியில். இதை எந்த அப்போஸ்தலன் எழுதிவைத்தான் என்று பார்க்க வேண்டும் என்ற வெறிதான் வந்தது.

பார்க்க அவளுக்கு வழி இருந்தது. மூப்பர் போன வருடம் முதல் சபையாரின் நடைமுறைகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவள் வேலை பார்க்கும் அச்சகத்தில்தான் அது அச்சானது. எழுத்தெழுத்தாகத் தட்டியது அவள்தான். மறுநாள் காலை அச்சகத்துக்குப் போனதும், கையில் இருந்த திருமண அழைப்பிதழை ஓரமாக வைத்துவிட்டு, பழைய கோப்பைத் திறந்தாள். அச்சான புத்தகத்தில் அதிகாரங்கள் பதினொன்று. அவள் முதலில் தட்டியதில் பன்னிரண்டு. ஏழாவதின் மேல் மூப்பரே சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டு, இது வேண்டாம் என்று எழுதிய மெய்ப்புத் தாள் இன்னும் அலமாரியில் கிடந்தது. அப்போது, பக்கம் அதிகமாகிறதுபோல என்று அவள் நினைத்துக்கொண்டாள். தட்டச்சு செய்கிறவர்களுக்கு அர்த்தம் மண்டையில் ஏறாது. ஏறினால் வேலை ஓடாது. இப்போது நின்றுகொண்டே படித்தாள்.

பழைய சபைகளில் பெரிய பாவம் செய்தவர்கள் எப்படித் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள் என்பதுதான் ஏழாம் அதிகாரம். அறிக்கையிட்டவுடன் உள்ளே விடவில்லை. வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். வெயிலோ மழையோ, உள்ளே போகிறவர்களின் காலைப் பிடித்து, எனக்காக ஜெபியுங்கள் என்று கெஞ்ச வேண்டும். அப்படிச் சில வருடங்கள். பிறகு கதவோரம் நின்று வசனம் கேட்கலாம். அப்பம் கிடையாது. கடைசியில்தான் தலையில் கை. விபசாரத்துக்குச் சில இடங்களில் பதினைந்து வருடம்வரை ஆனதாக மூப்பர் அடிக்குறிப்பில் எழுதியிருந்தார்.

பக்கங்களை அச்சடித்து எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூப்பர் வீட்டுக்குப் போனாள். அவர் முன்னறையில் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பக்கங்களை மேஜைமேல் வைத்தாள். அவர் முதல் வரியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இது அப்போஸ்தலர் காலத்து வழக்கம் இல்லை, இருநூறு முந்நூறு வருடம் கழித்து வந்தது, அதனால்தான் எடுத்துவிட்டேன் என்றார்.

"புதுசா வர்றவங்களுக்கு மூணு வருஷம் பாடம்னு வச்சிருக்கீங்களே, அதுவும் இருநூறு வருஷம் கழிச்சு வந்ததுன்னு நீங்களே எழுதியிருக்கீங்கய்யா. ஆறாம் அதிகாரம். அத வெட்டலையே."

அவர் பொய்யர் இல்லை. அதுதான் அவருக்குச் சங்கடம். எந்தப் பழக்கம் இன்றைக்கும் நம்மைக் கட்டுப்படுத்தும், எது அந்தக் காலத்தோடு போனது என்று பகுத்தறிந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது என்றார். அந்தப் பகுத்தறிவு யாருடையது என்று அவள் கேட்டாள். அதற்கு அவர் உண்மையைச் சொன்னார்.

"வாசல்ல நிறுத்தினா சபை தாங்காது, சகோதரி. ஒரு ஆம்பளயும் வரமாட்டான்."

"நான் தாங்குவேன்னு மட்டும் எப்படி முடிவு பண்ணுனீங்க?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"முதல் சபைன்னா முழுசா முதல் சபைன்னு சொல்லுங்க. இல்ல, எனக்குத் தோதுப்பட்டத எடுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க, அதுவும் புரியும். உங்களுக்கு வேணுங்கறத எடுத்துக்கிட்டு அதுக்கு அப்போஸ்தலர் பேரை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கங்களை மேஜையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சபைக்குப் போனாள். அறிக்கை நேரத்தில் எழுந்தபோது எல்லார் முகமும் மலர்ந்தது. மன்னிக்கத்தான் எழுந்திருக்கிறாள் என்று நினைத்து மாஸ்டரின் அக்கா கைக்குட்டையை எடுத்தாள். அவள் ஏழாம் அதிகாரத்தை வாசித்தாள். மெய்ப்பு வாசிக்கும் குரல் அது, ஏற்ற இறக்கம் இல்லாமல், கால்புள்ளி அரைப்புள்ளி முதற்கொண்டு நிறுத்தி. இது இப்போது எதற்கு என்று மூப்பர் குறுக்கிட்டார். நீங்கள் எழுதியதுதான் ஐயா என்று சொல்லிவிட்டு அடிக்குறிப்பையும் வாசித்தாள். முடித்தபோது யார் முகத்திலும் ஈயாடவில்லை. கீழே யாரோ டயருக்குக் காற்று அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. மாஸ்டர் எழுந்து, யாரையும் பார்க்காமல், படியிறங்கிக் கீழே போய் நின்றுகொண்டான். படிக்கட்டு தொடங்கும் இடத்தில், பழைய டயர்கள் அடுக்கியிருக்கும் சுவரோரம். கூட்டம் முடிந்து எல்லாரும் இறங்கும்வரை தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

நிமிடத்துக்கு நிமிடம் அவளுக்குள் ஏதோ இளகத்தான் பார்த்தது. ஆனால் அதைச் சபை கெடுத்துவிட்டது. அடுத்த வாரமும் அவன் நின்றான். அதற்கடுத்த வாரம் யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவன் உட்கார மறுத்தான், அதுவும் பேச்சாயிற்று. போகிறவர்கள் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். பெண்கள் கண் கலங்கினார்கள். ஒருவர் போட்டோ எடுத்து, இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனந்திரும்புதலா என்று சபையின் வாட்ஸப் குழுவில் போட்டார். மூப்பர் அதையே வைத்து ஒரு மணி நேரம் பிரசங்கித்தார். வெட்டிய அதிகாரத்தை அவரே கண்டுபிடித்ததுபோல் ஆகிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடைப் பெண்ணுக்கும் ஆள் அனுப்பினார்கள், அவளும் வந்து வாசலில் நிற்கட்டும் என்று. அவள் வேலையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தப் பெண்மேல் புள்ளியக்காவுக்குத் தீராத ஆத்திரம் இருந்தது. ஆனாலும், அவளைச் சந்தையில் நிறுத்தப் பார்த்தவர்கள்மேல் அதைவிட ஆத்திரம் வந்தது.

நான்காம் ஞாயிறு அவள் கூட்டத்துக்குப் போகவில்லை. கூட்டம் நடக்கும் நேரத்தில் டயர் கடைக்குப் போனாள். மாஸ்டர் நின்றுகொண்டிருந்தான். மேலே பாட்டுக் கேட்டது. அவளைக் கண்டதும் அவன் கண்ணில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு நிதானம் தப்பியது.

"யாருக்காக நிக்கிறீங்க?"

"நீதானே வாசிச்ச?"

"நான் நிக்கச் சொல்லல. அன்னைக்கு மேல நின்னு எல்லாருக்கும் காட்டுனீங்க, இன்னைக்குக் கீழ நின்னு காட்டுறீங்க. எனக்கு நீங்க இன்னும் ஒரு வார்த்தை சொல்லல. முதல் சபைல இருந்த பொம்பளைங்களுக்கும் வீடு இருந்திருக்கும். முதல்ல அங்க போய்ச் சொல்லிட்டுத்தான் எவனும் வாசலுக்கு வந்திருப்பான். வீட்டுக்கு வாங்க."

அவன் வந்தான். மகளை மாஸ்டரின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். அவள் கேட்டாள், அவன் சொன்னான். எப்போது தொடங்கியது, யார் முதலில், எங்கே, அவளும் பிள்ளையும் ஏறிப்போகும் அந்தப் பயிற்சிக் காரிலா, அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்திலும் போனானா. போனான். மழுப்பிய இடத்திலெல்லாம் அவள் நிறுத்தி, மறுபடி சொல்லுங்க என்றாள். சபைக்குச் சொன்ன நான்கு வாக்கியங்கள் இங்கே மூன்று மணி நேரம் ஆயின. இங்கே பாட்டு இல்லை, தலையில் கை வைக்க ஆளும் இல்லை. பாதியில் அவன் எழுந்து ஓடப் பார்த்தான். அவள் உட்காரச் சொன்னாள். கடைசியில், "உனக்குத்தான் செஞ்சேன்" என்றான்.

விடுபட்ட சொல் வந்துவிட்டது. வந்தால் மனம் ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை. இப்போதைக்கு அக்கா வீட்டில் போய் இருங்கள் என்றாள். அவன் நான்கு சட்டையை எடுத்துக்கொண்டு போனான்.

அதற்கடுத்த ஞாயிறு அவள் தனியாகச் சபைக்குப் போனாள். மகள் வரமாட்டேன் என்றாள், அவள் வற்புறுத்தவில்லை. மாஸ்டரும் வரவில்லை. புதியவர்கள் எழுந்து கீழே போனார்கள். அப்பம் கைமாறிக் கைமாறி வட்டத்தில் வந்தது. அவளுக்கு முந்தின நாற்காலியில் டயர் கடைக்காரர். அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூப்பரைப் பார்த்தார். மூப்பர் எழுந்து அவளருகே வந்து குனிந்தார்.

"ஒப்புரவு ஆச்சா, சகோதரி?"

"இல்லங்கய்யா."

"கோபம்?"

"அப்படியே இருக்கு."

அப்படியானால் எப்படி என்று அவர் தொடங்கினார். அவள் தலை நிமிர்ந்தாள். "எட்டு மாசம் அவர் வாங்கிச் சாப்பிட்டாரு. உங்களுக்குத் தெரிஞ்ச பிறகும் ரெண்டு வாரம் சாப்பிட்டாரு. அப்ப நீங்க இப்படிக் குனிஞ்சு கேக்கல."

மூப்பர் நிமிர்ந்தார். காது மடல் சிவந்திருந்தது. பிறகு தன் இடத்துக்குத் திரும்பிப்போய் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டயர் கடைக்காரர் அப்பத்தைப் பிட்டார். அவர் விரல் இடுக்கில் கறை எப்போதும் போகாது. மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிடப் பெரிய துண்டாகவே கொடுத்தார். அவள் வாங்கி மென்றாள். கோபம் தாடையில் இருந்தது, அப்பமும் அங்கேதான் இருந்தது. இரண்டையும் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விழுங்கினாள்.

அறிக்கை நேரத்தை மூப்பர் அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டார். காரணம் சொல்லவில்லை. நூலை மறுபதிப்புப் போடும் பேச்சையும் எடுக்கவில்லை. மாஸ்டர் இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறான். புதன்கிழமைதோறும் வந்து மகளை வகுப்புக்குக் கூட்டிப்போகிறான். வாசலோடு வந்து வாசலோடு போய்விடுகிறான். இன்னுமா மனசு இறங்கவில்லை என்று சபைப் பெண்கள் ஜாடைமாடையாகக் கேட்பதுண்டு. சில நாள் இறங்கும்போலத்தான் இருக்கிறது. அவன் மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பதை ஜன்னலிலிருந்து பார்க்கும்போது, சரி போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றும். உடனே அவன் தலையில் நாற்பது பேர் கை வைத்துப் பாடிய அந்தப் பாட்டு காதில் வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு போய், அச்சகத்திலிருந்து கொண்டுவந்த மெய்ப்பை விட்ட இடத்திலிருந்து திருத்த உட்கார்ந்துவிடுவாள்.